நீலப்புள்ளி மகாத்மியம்

ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு மண்பானை வாங்குகின்றவர் அதை வெறுமனே வாங்கிவிடுவதில்லை. கையில் தூக்கிச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்க்கின்றார். ஓசை சரியில்லையென்றால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கின்றார். செய்தவர் ஊரெல்லாம் பெயரெடுத்தவராயிருந்தாலும் தட்டாமல் வாங்குவதில்லை. தேங்காயானால் தட்டு, வெண்டைக்காயானால் நுனியை ஒடி, மாடானால் பல்லைப் பிடித்துப் பார், நடக்கவிட்டுப் பார், வண்டியில் பூட்டிப் பார் என்பதுதான் நம் மக்களுடைய வழக்கம். இது மிகவும் நல்ல வழக்கமாகும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்களுக்கும் இந்தப் புத்தி இருக்கின்றது.

ஆனால் இதே மனிதர் முப்பதாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு டெலிவிஷன் பெட்டி வாங்கப் போகும்போது என்ன செய்கின்றார்? "என்ன மார்க்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கின்றார். கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்லுகின்றார். "ஓகோ, பழைய கம்பெனி! ஜெர்மன் கம்பெனி!" என்று சொல்லிக்கொண்டே இவர் பணத்தை எண்ணி வைத்துவிடுகின்றார். ஐம்பது ரூபாய்க்கு இருந்த புத்தி முப்பதாயிரம் ரூபாய்க்கு எங்கே போயிற்று என்றுதான் நாம் கேட்கின்றோம்.

இது பணக்காரர்களுடைய தொல்லை மாத்திரமானால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் தம் மகளுக்குக் கலியாணம் செய்தார். சீரோடு ஒரு டெலிவிஷன் பெட்டியும் வரவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். 24,000 ரூபாயில் ஒரு பெட்டி கடையிலிருந்தது. ஆனால் சம்பந்தியம்மாள், "நாலு பேர் பார்க்கிற மாதிரி பேர்போன கம்பெனியாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தறிக்காரர் அதே அளவுள்ள பெட்டியை 38,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கிக் கொடுத்தார். பதினாலாம் மாதம் திரை இருண்டுபோயிற்று. ஒரு வருஷ கியாரண்டி முடிந்துவிட்டது, திரையை மாற்றப் புதுப்பெட்டியின் விலையில் பெரும்பாகம் ஆகும் என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போனார். பெட்டி போய்விட்டது, தவணை மாத்திரம் போகவில்லை! அந்தப் பதினாலாயிரம் ரூபாய் எதற்காகக் கொடுக்கப்பட்டது? பெட்டியின் நெற்றியிலிருந்த ஐந்தாறு எழுத்துக்காகக் கொடுக்கப்பட்டது. சீர் கேட்பதே அக்கிரமம். அதிலும் பெயர் கேட்பது இரட்டை அக்கிரமம் என்போம்.

பெயர் பிறந்த விதம்

நிற்க, இந்தப் பெயர் என்பது எப்படி உண்டாகின்றது, எப்படி உயிர் வாழ்கின்றது என்பதற்கு ஒரு உண்மைச் சரித்திரத்தைச் சொல்லுவோம்.

1920களில் ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் 'ஐடியல்' என்ற பெயரோடு ஒரு கம்பெனி இருந்தது. அக்காலத்துச் சிறு ரேடியோக்களைக் காதில் கருவி மாட்டிக்கொண்டுதான் கேட்கவேண்டும். அந்தக் காதுக்கருவிகளை இக்கம்பெனி செய்து விற்றது. செய்த கருவிகளைச் சோதித்து, தேறியவற்றின் மேல் ஒரு நீலப்புள்ளி வைத்தார்கள். வாங்குகின்ற ஜனங்களுக்குக் கம்பெனியின் பெயர் மறந்துபோனாலும் புள்ளி மறக்கவில்லை. கடைக்குப் போய், "நீலப்புள்ளி வைத்ததைக் கொடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1932ல் மோட்டார் காரில் வைக்கும் ரேடியோவையும் இந்தக் கம்பெனி செய்தது. 1933ல் பாஷ் கம்பெனியார் இதை வாங்கினார்கள். 1938ல் கம்பெனியே தன் பெயரை 'பிளாபுங்க்ட்' என்று மாற்றிக்கொண்டது. அந்த ஜெர்மன் சொல்லுக்கு 'நீலப்புள்ளி' என்பதுதான் அர்த்தம்.

இதுவரையில் நமக்கு ஒரு ஆக்ஷேபணையும் இல்லை. புள்ளிக்குப் பின்னால் ஒரு சோதனை இருந்தது. ஒரு மனிதர் கருவியைக் காதில் வைத்துக் கேட்டு, "இது சரி" என்று சொன்னதற்கு அந்தப் புள்ளி சாட்சியாக இருந்தது. பானையைத் தட்டுகின்ற வேலையை நமக்காக அவர் செய்தார். அந்தப் புள்ளியை நம்பினவர்களை நாம் மூடர்கள் என்று சொல்லமாட்டோம்.

பெயர் விற்ற விதம்

பிறகு என்ன ஆயிற்று? சுமார் எழுபத்தைந்து வருஷம் வைத்திருந்த பாஷ் கம்பெனியார், 2008ஆம் வருஷ முடிவில், கடையில் விற்கும் கார் ரேடியோ வியாபாரத்தையும் அந்தப் பெயரையும் ஆரீலியஸ் என்ற முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 2015ஆம் வருஷக் கடைசியில் பிளாபுங்க்ட் கம்பெனி கடன் தீர்க்க வகையில்லாமல் கோர்ட்டுக்குப் போயிற்று, 2016ல் கலைக்கப்பட்டது. கம்பெனி செத்தது, ஆனால் புள்ளி சாகவில்லை! லக்சம்பர்க் தேசத்திலுள்ள ஒரு கம்பெனி அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, பற்பல தேசங்களில் பற்பல முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டு வருகின்றது.

நம் தேசத்தில் 2021 முதல் அந்தப் பெயரோடு டெலிவிஷன் பெட்டி வருகின்றது. அதைச் செய்கின்றவர்கள் நொய்டாவிலுள்ள சூப்பர் பிளாஸ்டிரானிக்ஸ் கம்பெனியார். அவர்களேதான் அமெரிக்கப் பெயரான 'கோடக்' பெட்டியும், பிரெஞ்சுப் பெயரான 'தாம்சன்' பெட்டியும் செய்கின்றார்கள். கடையில் ஒருவர், "எனக்கு ஜெர்மன் சாமான்தான் வேண்டும்" என்கின்றார், மற்றவர், "அமெரிக்கனுக்கு ஈடாகுமா?" என்கின்றார். இரண்டு பெட்டிகளும் ஒரே கம்பெனியிலிருந்து வந்தவை என்பது இருவருக்கும் தெரியாது.

நாம் அந்தக் கம்பெனியாரைக் குற்றஞ்சொல்ல வரவில்லை. பெயரை வாடகைக்கு எடுப்பது சட்டப்படியான வியாபாரம். அவர்கள் அதை மறைக்கவுமில்லை. அந்தப் பெட்டி கொடுத்த பணத்துக்கு நல்லதாகவே இருக்கலாம். நம்முடைய கேள்வி வாங்குகின்றவரைப் பார்த்துத்தான். அன்று பெர்லினில் காதுக்கருவியைச் சோதித்த மனிதருக்கும் இன்று நொய்டாவில் பூட்டப்படுகின்ற பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? அவருடைய காது இங்கே வந்ததா? கை வந்ததா? வந்தது புள்ளி ஒன்றுதானே! ஒருவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய ஜாமீனை நம்பிக் கடன் கொடுத்தீர்கள், சரி. அவர் செத்த பிறகு, அவருடைய கையெழுத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து ஒருவர் கடன் கேட்டால் கொடுப்பீர்களா?

இது நீலப்புள்ளிக்கு மாத்திரம் வந்த கதையல்ல. போட்டோ பிலிமில் உலகை ஆண்ட கோடக் 2012ல் கடனுக்காகக் கோர்ட்டில் மனுக்கொடுத்தது. உடனடி போட்டோவுக்குப் பேர்போன போலராய்டு 2001ல் அதே கதியடைந்தது. அதற்குப் பின் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு, போலராய்டுக்காரர் செய்யாத டெலிவிஷன் பெட்டிகளெல்லாம் விற்கப்பட்டன. ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியார் தங்கள் டெலிவிஷன் தொழிலை 2012ல் பெரும்பாகமும் 2014ல் முழுவதுமாக வேறொருவரிடம் விட்டுவிட்டார்கள். பெயர் பெட்டியில் நிற்கின்றது. ஜப்பானியத் தோஷிபாவின் டெலிவிஷன் தொழில் 2018ல் சீனாவின் ஹைசென்ஸ் கைக்குப் போயிற்று, பெயர் நிற்கின்றது. இவற்றில் எது நல்லது, எது கெட்டது என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. பெயர் நிற்பதைக்கொண்டு ஆள் நிற்கின்றார் என்று எண்ணிவிடாதீர்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

இன்னொரு சங்கதி. டெலிவிஷன் பெட்டியில் மிகவும் விலையுயர்ந்த பாகம் அதன் திரையாகும். கொரியாவின் சாம்சங் கூட எல்.சி.டி. திரை செய்வதை 2022ல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அந்த வகைத் திரைகளைச் சீனாவிலும் தைவானிலுமுள்ள வேறு கம்பெனிகளிடம் வாங்கித்தான் தன் பெட்டியில் பூட்ட வேண்டியிருக்கின்றது. திரை செய்கின்ற பெரிய கம்பெனிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படியிருக்க, கடையில் காணப்படும் ஐம்பது பெயர்களும் ஐம்பது ஜாதிச் சரக்கு என்று எண்ணுவது எவ்வளவு அறியாமை!

தேசத்தின் பெயர்

மார்க்கைப் போலவே தேசத்தின் பெயரைச் சொல்லியும் மயங்குகின்றவர்கள் உண்டு. 1887ல் இங்கிலாந்து பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, அந்நிய தேசத்துச் சரக்கை இங்கிலீஷ் சரக்குபோல் விற்கக்கூடாது, செய்த தேசத்தைக் குறிக்கவேண்டும் என்று விதித்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மட்டச் சரக்கை ஜனங்கள் கண்டு ஒதுங்கட்டும் என்பதுதான் அதன் கருத்து. ஆனால் சில வருஷங்களுக்குள் ஜெர்மன் தொழிலாளிகளின் வேலை உயர்ந்தது. இழிவுக்காக ஒட்டின சீட்டே பெருமைச் சீட்டாக மாறிவிட்டது.

ஜப்பானுக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் ஜப்பான் சாமான் என்றாலே இரண்டு நாளில் உடைகின்ற விளையாட்டுப் பொம்மை என்று சிரித்தார்கள். 1955ல் சோனியின் அகியோ மொரீட்டா தம் சிறு ரேடியோவை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். புலோவா என்ற பெரிய கம்பெனியார், "ஒரு லட்சம் ரேடியோ வாங்கிக்கொள்ளுகின்றோம், ஆனால் எங்கள் பெயரைப் போடவேண்டும்" என்றார்கள். மொரீட்டா மறுத்துவிட்டார். அந்த ரேடியோவை அவர்கள் எந்தப் பெயரில் விற்றிருந்தாலும் உள்ளே இருந்த கம்பியும் வால்வுக்குப் பதிலாக வைத்த டிரான்சிஸ்டரும் ஒன்றுதானே! பெயர் தெரியாத காரணத்தால் சரக்கு மட்டமாகிவிட்டதா? ஆகவே தெரியாத பெயரைக் கண்டவுடன் முகத்தைச் சுளிப்பதும், தெரிந்த பெயரைக் கண்டவுடன் கையெடுப்பதும் ஒரே முட்டாள்தனத்தின் இரண்டு முகங்களேயாகும்.

ஒரு ஆக்ஷேபணை

இவ்வளவும் சொன்ன பிறகு, "பெரிய கம்பெனிக்குத் தன் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் இருக்காதா? அதனால் நல்ல சரக்குத்தானே கொடுப்பான்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். இது நியாயமான கேள்வி; இதை நாம் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

அந்தப் பயம் வேலை செய்ததற்குச் சாட்சி உண்டு. 1995ல் சாம்சங் கம்பெனியின் தலைவர், தம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட போன்கள் சரியில்லை என்று தெரிந்ததும், சுமார் ஒன்றரை லட்சம் கருவிகளைக் கொரியாவில் கூமி என்ற ஊரில் தொழிலாளிகளுக்கு முன்னாலேயே குவித்து, நொறுக்கி, தீயிட்டுக் கொளுத்தினார். இதை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் அதே கம்பெனி 2016ல் 'கேலக்சி நோட் 7' என்ற செல்போனை வெளியிட்டபோது, பாட்டரி கோளாறினால் போன்கள் தாமாகவே தீப்பிடித்தன. சுமார் 25 லட்சம் போன்களைத் திருப்பிக் கேட்டார்கள். மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடிக்கவே, அந்தப் போனையே நிறுத்திவிட்டார்கள். பெயர் ஒன்றுதான், ஒரு வருஷத்தில் நல்ல வேலை, ஒரு வருஷத்தில் கெட்ட வேலை. அப்படியானால் பெயரைப் பார்ப்பதா, அந்த வருஷத்து அந்தச் சரக்கைப் பார்ப்பதா?

மேலும், பெயர் கெடும் என்ற பயம் எப்போது இருக்கும்? செய்த தப்பு வெளிக்குத் தெரிந்தால்தானே இருக்கும்! 2017ல் ஆப்பிள் கம்பெனியார், பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். போன் திடீரென்று அணைந்துபோகாமலிருக்கச் செய்தோம் என்பது அவர்கள் சொன்ன சமாதானம். இருக்கட்டும், வாங்கினவருக்கு ஏன் முன்னமே தெளிவாய்ச் சொல்லவில்லை? பாட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் புதுப்போன் வாங்கினவர்கள் எத்தனை பேரோ! அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கை 50 கோடி டாலர் வரையில் கொடுப்பதாக 2020ல் ராஜி செய்துகொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான சங்கதியைக் கேளுங்கள். 1924ஆம் வருஷ முடிவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய உலகத்தின் பேர்போன பல்பு முதலாளிகள் ஜெனிவாவில் கூடி 'ஃபீபஸ்' என்று ஒரு கூட்டு ஏற்படுத்திக்கொண்டார்கள். அப்போது பல்புகள் 1,500 மணி முதல் 2,000 மணி நேரம் வரைக்கும் எரிந்துகொண்டிருந்தன. இவர்கள் என்ன முடிவு செய்தார்கள் தெரியுமா? இனிமேல் பல்பு ஆயிரம் மணி நேரந்தான் எரியவேண்டும், அதற்குமேல் எரிகின்ற பல்பைச் செய்கின்றவன் அபராதம் கட்டவேண்டும் என்று முடிவு செய்தார்கள்! மட்டமாகச் செய்ததற்கு அபராதம் கேட்டிருக்கின்றோம். நன்றாகச் செய்ததற்கு அபராதம் கேட்டதுண்டா? இதைச் செய்தவர்கள் பெயர் தெரியாத பெட்டிக்கடைக்காரர்களா? இல்லை, ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பின பெயர்கள்! பெயருள்ளவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிட்டால், பெயரை நம்புகின்றவன் எங்கே போய் முறையிடுவான்?

ஊர்ப்பேச்சு

"பெயரை விடுங்கள், நாலு பேரைக் கேட்டு வாங்குகின்றோம்" என்பார்கள் சிலர். கேட்கலாம், ஆனால் கேட்கின்ற விதம் தெரியவேண்டும். "எங்கள் மாமனார் வீட்டில் முப்பது வருஷமாய் அந்தக் கம்பெனி மிக்சி ஓடுகின்றது" என்பார் ஒருவர். வாஸ்தவந்தான். அதே வருஷத்தில் விற்ற மற்ற மிக்சிகள் எங்கே? அவை பழைய இரும்புக் கடைக்குப் போய் வெகுகாலமாயிற்று. கெட்டுப்போனது வீட்டில் நின்று சாட்சி சொல்லாது. பிழைத்திருப்பது மாத்திரந்தான் சாட்சி சொல்லும். ஒருபக்கத்துச் சாட்சியை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுகின்ற நீதிபதியை நாம் என்ன சொல்லுவோம்?

இன்னொருவர் போன மாதந்தான் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கியிருப்பார். அவரைக் கேட்டால், "பிரமாதம்!" என்பார். ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? செல்போனில் பார்க்கின்ற நட்சத்திர மார்க்குகளோ, கூலிக்கு எழுதப்படுவதும் அவற்றிலே உண்டு. பொய் மதிப்புரைகள் மிகுந்ததனால்தான் 2022ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு அவற்றுக்கென்றே தனி விதிமுறை வெளியிட நேர்ந்தது. சினிமா நடிகர் கையில் பெட்டியோடு நிற்கின்ற படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொய் விளம்பரத்தில் தோன்றுகின்றவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்று 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுகின்றது. சட்டமே சந்தேகப்படுகின்ற முகத்தை நீங்கள் ஏன் நம்பவேண்டும்?

பின் என்னதான் செய்வது?

பானையைத் தட்டிப் பார்த்ததுபோல் பெட்டியையும் தட்டிப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். "எங்களுக்கு எஞ்சினீயர் படிப்பு ஏது?" என்று கேட்காதீர்கள். மாட்டின் பல்லைப் பார்க்க வைத்தியப் படிப்பு எதற்கு?

முதலாவது, பெட்டியின் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அட்டைப்பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவருடைய பெயர், விலாசம், செய்த மாதம், வருஷம், புகார் சொல்லவேண்டிய இடம் எல்லாம் அதில் இருக்கவேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு ஜவாப் சொல்லவேண்டியவர்களில் அந்த விலாசக்காரர் ஒருவர்.

இரண்டாவது, டெலிவிஷன், செல்போன், சார்ஜர் முதலியவற்றில் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் 'ஆர்' என்று ஆரம்பிக்கும் எண்ணும் இருக்கவேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். இதிலும் ஏமாறாதீர்கள். அந்த முத்திரை சாமான் ஆபத்தில்லாதது என்பதற்குத்தான் சாட்சி. பத்து வருஷம் உழைக்கும் என்பதற்குச் சாட்சியல்ல.

மூன்றாவது, பணம் கொடுப்பதற்கு முன் ரிப்பேர் பிரிவுக்கு ஒரு தடவை போன் செய்து பாருங்கள். எடுக்கின்றார்களா? உங்கள் ஊருக்கு ஆள் வருமா? திரைக்கு எத்தனை வருஷ கியாரண்டி, போய்விட்டால் என்ன விலை? இதற்கு ஜவாப் சொல்லாதவர் விற்ற பிறகு சொல்லுவாரா? உங்கள் ஊர் ரிப்பேர்க்காரரையும் கேளுங்கள். கெட்டுப்போனதை நாள்தோறும் கண்ணால் பார்க்கின்றவர் அவர்தான்.

நான்காவது, கடையில் பளபளவென்று ஓடுகின்ற படத்தைக் கண்டு மயங்காதீர்கள். அது கடைக்கென்றே கூட்டி வைத்த வெளிச்சம். வீட்டில் பார்ப்பதுபோல் வைக்கச் சொல்லுங்கள். உங்களுடைய படத்தையே போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். கடையின் இரைச்சலை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்.

ஐந்தாவது, ஏமாந்துவிட்டால் விதியென்று உட்கார்ந்துவிடாதீர்கள். ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள சாமானுக்கு மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை.

அதே ஜெர்மனியில் 1964 முதல் ஒரு பொது ஸ்தாபனம் இருக்கின்றது. அதன் ஆட்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் கடையில் போய்ச் சாமானை விலைகொடுத்து வாங்கி, சோதித்து, நல்லதை நல்லதென்றும் கெட்டதைக் கெட்டதென்றும் பத்திரிகையில் போடுகின்றார்கள். தங்கள் பத்திரிகையில் விளம்பரம் வாங்குவதில்லை. கம்பெனி வைத்த நீலப்புள்ளியைவிட இதுவல்லவா உண்மையான நீலப்புள்ளி! நம் ஊர்தோறும் உள்ள சங்கங்களும் வாசகசாலைகளும் இதில் நூற்றில் ஒரு பங்காவது செய்யக்கூடாதா? யார் வீட்டில் எந்தச் சாமான், எந்த மாதம் வாங்கியது, எப்போது கெட்டது, ரிப்பேருக்கு என்ன செலவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். கெட்டதையும் எழுதவேண்டும், நல்லதையும் எழுதவேண்டும். இரண்டு வருஷத்தில் எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையை அந்த நோட்டுப் புத்தகம் சொல்லிவிடும்.

மாட்டுச் சந்தையில் இரண்டு வித ஆட்கள் உண்டு. ஒருவர் பல்லைப் பார்ப்பார். ஒருவர் சுழியைப் பார்ப்பார். சுழி பார்த்து வாங்கினவருடைய ஏர் நடுவயலில் நின்றதை நாம் பார்த்திருக்கின்றோம். மார்க்கு பார்த்து வாங்குவதும் சுழி பார்த்து வாங்குவதும் ஒன்றேயாகும். ஆகவே தோழர்களே! பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். மகளுக்குச் சீர் என்று பெயர் கேட்கின்ற வீட்டைக் கண்டால், "பெட்டிக்கு விலை சொல்லுங்கள், எழுத்துக்கு விலை எங்களிடம் இல்லை" என்று தைரியமாய்ச் சொல்லுங்கள். நீங்களே கேட்டு, பார்த்து, தட்டி, "இது சரி" என்று தேறிய பிறகு உங்கள் கையாலேயே அந்த நீலப்புள்ளியை வையுங்கள்.